நீல வாளி

கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தான். தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் அவள் படுத்திருந்தாள். ஏழாவது மாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள். முதல் பிள்ளை ஐந்தாவது மாதத்தில் போயிற்று, மீன் கொட்டகையில் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதே. இரண்டாவது ஆறாம் மாதத்தில். மூன்றாவதற்கு டாக்டரம்மா நீட்டிப் பேசவில்லை. "படு. தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்காத. பேசாம கெட" என்றார்.

படுத்துவிட்டாள். ஆனால் கொட்டகையில் அவளுடைய பலகை இருந்தது.

கொட்டகையில் பலகை ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. இருபத்திரண்டு பலகைகள், இரண்டு வரிசை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் காலியாகக் கிடந்தால் நாலாம் நாள் அது வேறு வீட்டுக்குப் போய்விடும். வீட்டிலிருந்து யார் வந்து உட்கார்ந்தாலும் மேஸ்திரி கேட்கமாட்டார். மாமியார் உட்கார்ந்திருக்கிறாள், நாத்தனார் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் எவனும் உட்கார்ந்ததில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. அப்படி ஒருத்தன் வருவான் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவன் விசைப்படகில் வலை இழுக்கிறவன். போனால் ஐந்து நாள் கழித்துத்தான் கரை. அவன் அம்மா செத்து நாலு வருஷம். அவள் பக்கம் வந்து கிடக்க ஆள் இல்லை. படகை விட்டு இறங்கினான். பலகை காலியான மூன்றாம் நாள் விடியும்போது கொட்டகைக்குப் போய் அவள் பலகையில் உட்கார்ந்தான். ஆறடிக்கு மேல் உயரம். படகில் நெட்டை என்றுதான் பெயர். தரையோடு கிடந்த பலகையில் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"மேஸ்திரி, இந்த உசரத்துக்குப் பலகை பத்தாது. பெஞ்சு போடு" என்றாள் ரேடியோ.

ரேடியோ பக்கத்துப் பலகைக்காரி. வீடும் அடுத்த வீடுதான். தூங்குகிற நேரம் தவிர வாய் மூடாது என்பதால் அந்தப் பெயர்.

"தூங்குறப்பவும் பேசுறாளாம். அவ வீட்டுக்காரரே சொன்னாரு" என்றாள் எதிர்வரிசைக்காரி ஒருத்தி.

"அந்த மனுஷனுக்கு எஞ்சின் ரூம்ல காது ரெண்டும் போயி பத்து வருஷம் ஆச்சுடி. அவரு கேட்டாராக்கும்!" என்றாள் ரேடியோ.

வரிசை முழுக்கச் சிரித்தது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

"நெட்டை, நீ வலை இழுக்குற ஆளு. இது விரல் வேலை. பத்து நாள் பாப்பேன். குவியல் தேங்குச்சுன்னா நான் பதில் சொல்ல முடியாது."

"தேங்காதுண்ணே" என்றான்.

தேங்கியது. படகு கரை அணைந்ததும் கூடை கூடையாகக் கொண்டுவந்து ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் ஒரு குவியல் தட்டுவார்கள். பெரிய இறாலும் நண்டும் படகிலேயே எடுத்தாகிவிடும். கொட்டகைக்கு வருவது அதற்குப் பிறகு மிஞ்சியது. அதற்குள் ஒளிந்திருக்கும் பொடி இறால் ஒரு கூடை, கணவாய்க்குஞ்சு ஒரு கூடை, காரல் மீன் ஒரு கூடை. மீதி எல்லாம் கழிசல். பேத்தை மீன், சங்கு, உடைந்த நண்டுக்கால், சேறு, வேரோடு பிடுங்கி வந்த கடல்புல். கழிசல் பின்பக்கக் களத்தில் காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போகும். அடுத்த படகு அணைவதற்குள் குவியல் தரை தெரிய வேண்டும். அவன் குவியலில் பத்து மணிக்கும் தரை தெரியவில்லை.

பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கேட்டது, "கையக் காட்டு."

காட்டினான். எட்டு இடத்தில் குத்து. கட்டைவிரல் வீங்கியிருந்தது.

"கெளுத்தியா?"

"ஆமா."

"மேலேருந்து ஒண்ணொண்ணாப் பொறுக்கினியா, பூப்பறிக்கிற மாதிரி?"

"வேற எப்படிப் பொறுக்குறது?"

"அட கடவுளே. குவியலை மொதல்ல கையால பரத்தி விடுய்யா. பரத்துனா முள்ளு மீனு முதுகு காட்டும். அதுங்களைக் கைமுட்டியால தள்ளிட்டு அப்புறம் விரலை விடு. எறாலைத் தேடாத. எறாலு இல்லாததைத் தள்ளு. எறாலு தானா நிக்கும்."

"படுத்துக்கிட்டே பெரிய மேஸ்திரி ஆயிட்ட."

"பதினோரு வருஷம் ஒக்காந்த பலகைய்யா அது. ஒங்கிட்ட ஒப்படைச்சிட்டுப் படுத்திருக்கேன்."

சொல்லிவிட்டு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அவள் பேச்சு பலகையைப் பற்றி இருந்தாலும் கை எப்போதும் அங்கேதான் இருந்தது. அசைவு தெரிந்தால் முகம் இளகும். கொஞ்ச நேரம் தெரியாவிட்டால் பேச்சு நின்றுபோகும். அவனுக்கும் அந்த நேரம் தெரியும். வேலை ஏதாவது இருப்பதுபோல அடுப்புப் பக்கம் போவான்.

அவள் கழுத்தில் படகு விசில் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் போட்டிருந்தான். கொட்டகை தெருக்கோடியில்தான். இரண்டு தடவை ஊதினால் ஓடி வா. ஒரு தடவை நீளமாக ஊதினால் எல்லாம் சரி. அவள் காலையில் ஒரு தடவை ஊதுவாள். கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற இருபத்திரண்டு பேரும் கை நிறுத்தி, இன்னொன்று வருகிறதா என்று கேட்பார்கள். வராது. கைகள் மறுபடி ஓடும்.

வரிசையின் கோடியில் ஒரு நீல வாளி இருந்தது. கடல்தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு குச்சி போட்டிருக்கும். உயிரோடு வரும் கடல்குதிரை அதற்குள். முன்பெல்லாம் அவற்றைக் கயிற்றில் கோத்துப் படகிலேயே காயவைப்பார்கள். மருந்துக்கு என்று சைக்கிளில் ஒருத்தன் வந்து வாங்கிப் போவான். இப்போது பிடித்தாலும் வைத்திருந்தாலும் வழக்கு. அதற்குப் பிறகு வந்தது வாளி. ஸ்கேல் டீச்சர் வருவார். அவர் டீச்சர் இல்லை, கடல் ஆராய்ச்சி ஆபீஸில் வேலை. ஸ்கேலோடு வந்து அளந்து நோட்டில் எழுதுவதால் கொட்டகை வைத்த பெயர். அளந்துவிட்டு, சின்னப் படகில் கொண்டுபோய்ப் புல் இருக்கும் இடத்தில் விட்டுவிடுவார்.

நெட்டைக்குக் கடல்குதிரை என்றால் தளத்தில் தேங்கும் குப்பையில் ஒன்று. பலகையால் ஒதுக்கிக் கடலில் தள்ளுவான். ஏழு வருஷத்தில் ஒன்றையும் நின்று பார்த்ததில்லை. வலையின் அடியில் இரும்புச்சங்கிலி கட்டி இழுத்துப்போகிறவர்கள் அவர்கள்தான். அந்தச் சங்கிலி போன இடத்தில் புல் நிற்காது. அதைப்பற்றிப் படகில் யாரும் பேசியதில்லை.

எட்டாம் நாள் காற்று பிடித்தது. கொட்டகைத் தகரம் படபடத்தது. அவன் கை ஓரளவு பழகியிருந்தது. பரத்தி, முட்டியால் தள்ளி, விரலை விட்டான். விரலில் ஏதோ சுற்றியது. புழுவோ என்று உதறப்போனவன் பார்த்தான். விரல் நீளத்துக்குச் சற்று கூட. குதிரைமுகம், நீளமூக்கு. வால் அவன் சுட்டுவிரலில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. வயிறு புடைத்து உருண்டையாக, தோல் பளபளவென்று இழுத்திருந்தது.

"அய்யோ பாவம்" என்றான். "புள்ளத்தாச்சி."

வரிசையில் கைகள் நின்றன. பிறகு இரண்டு வரிசையும் சேர்ந்து வெடித்தது. எதிர்வரிசைக்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்ன? என்ன சொல்லிட்டேன்?"

"ஒண்ணுமில்ல தம்பி" என்றாள் ரேடியோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "புள்ளத்தாச்சியேதான். பத்திரமா வெச்சுக்க."

மேஸ்திரி போனோடு வந்தார். காற்றில் டீச்சரின் படகு வராது. நாளைக் காலை வருகிறேன், அதுவரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள் என்றாராம்.

"கொட்டகையைப் பூட்டினப்புறம் யாரு மாத்துறது? கெடக்கட்டும். பொழைச்சா பொழைக்குது" என்றார்.

"நான் வீட்டுக்குக் கொண்டு போறேண்ணே."

"வீட்டுல வெச்சா கேஸுப்பா."

"டீச்சர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நெட்டை வீட்டுல இருக்கு, ஓடிப்போகாதுன்னு."

குச்சியை எடுத்துவிட்டான். கனமாகக் கிடக்கிற வயிற்றில் குச்சி இடிக்கக்கூடாது என்று தோன்றியது. வாளிக்குமேல் ஈரச்சாக்கைப் போட்டு, ஒரு தட்டால் மூடி, அலுங்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தான். வீட்டுக்கு வந்து இருட்டான மூலையில் வைத்தான்.

"என்னது அது?" என்றாள் கட்டிலிலிருந்து.

"கடல்குதிரை. வயிறும் வாயுமா இருக்கு."

"ஏன் மூடி வெச்சிருக்க?"

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல. ஆடக்கூடாது, அசையக்கூடாது, பேசாம கெடக்கணும்னு."

அவள் அவனைப் பார்த்தாள். வாயை இறுக்கிக்கொண்டாள். முடியவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படுத்த நாளிலிருந்து அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை.

"யோவ், சிரிக்க வைக்காத. இழுக்குது. தொறய்யா மொதல்ல அதை!"

திறந்தான். குதிரை அடியில் சாய்ந்து கிடந்தது. காலையில் மஞ்சளாக இருந்தது, இப்போது கறுத்துப்போயிருந்தது. செவுள் வேகவேகமாக அடித்துக்கொண்டது.

"ஐயையோ. அதுக்குப் பிடிமானம் வேணும்யா. அது நீந்துற ஜாதி இல்ல. எதையாவது வாலால பிடிச்சுக்கிட்டு நின்னாத்தான் அதுக்கு மூச்சு. அந்தப் பொட்டியில பச்சைக்கயிறு கெடக்கும் பாரு. ஒரு முழம் எடுத்துக் கல்லைக் கட்டித் தொங்கவிடு. வாளி வேணாம், இங்கேருந்து எனக்குத் தெரியாது. அந்தத் தண்ணிக்கேனை வெட்டு."

இருபது லிட்டர் கேனின் கழுத்தை வெட்டினான். கடலுக்குப் போய்ப் புதுத்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, கயிற்றைத் தொங்கவிட்டு, குதிரையை மாற்றி, கேனை முக்காலிமேல் அவள் கண்மட்டத்துக்கு வைத்தான். குதிரை கொஞ்ச நேரம் தடுமாறியது. வால்நுனி கயிற்றில் பட்டது. பட்டதும் சுற்றிக்கொண்டது. நிமிர்ந்து நின்றது.

"இப்ப சரி" என்றாள் அவள். "அப்புறம் ஒண்ணு. அது பொம்பள இல்ல."

"என்ன?"

"ஆம்பள."

"இவ்ளோ பெரிய வயித்த வெச்சுக்கிட்டா?"

"வயிறு இல்ல, பை. முட்டை அவ குடுப்பா. பையில வாங்கிச் சுமக்குறது இவன். மூணு வாரமோ என்னவோ. பெத்துப்போடுறதும் இவன்தான். கொட்டகையில எல்லாருக்கும் தெரியும். டீச்சர் சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். பையி கிழிஞ்சு வர்றதையெல்லாம் பாத்திருக்கமே."

அவன் கொட்டகைச் சிரிப்பை நினைத்தான். காது சூடானது.

"அப்ப அவ என்ன செய்வா?"

"காலைல காலைல வந்து பாப்பாளாம். கொஞ்ச நேரம் ரெண்டும் சேந்து சுத்திக்கிட்டு நிக்குமாம். அப்புறம் அவ வேலையப் பாக்கப் போயிடுவாளாம்."

"இவனோட அவ இப்ப எங்க?"

அவள் கேனைப் பார்த்தாள். "யாரு கண்டா. புல்லுல இருப்பா. இல்ல, ஒங்க வலையில வந்து கழிசலோட போயிருப்பா."

அவன் வெறும் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி கடலுக்குப் போனான். இருட்டுவதற்குள் நாலு தடவை தண்ணீர் மாற்றினான்.

விடிகிற நேரம் அவள்தான் எழுப்பினாள். "யோவ். ஆரம்பிச்சிருச்சு."

காற்று விழுந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் கேனில் பட்டது. குதிரை கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வளைந்தது, பின்னால் நிமிர்ந்தது. மறுபடி வளைந்தது. பையின் வாய் விரிந்தது. ஒரு உதறல். பொடிப்பொடியாக ஏதோ பீறிக்கொண்டு வந்தது. வெட்டிப் போட்ட நகத்துணுக்கு மாதிரி. அவன் கிட்டத்தில் போய்ப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் மூக்கு இருந்தது, வால் இருந்தது. முழுசாகக் குதிரைதான். வந்த உடனே பிடிப்பதற்கு ஏதாவது தேடின. கிடைக்காதவை ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டன.

அரைமணி நேரம் ஆயிற்று. உதறும், கொஞ்ச நேரம் தளர்ந்து தொங்கும், மறுபடி உதறும். கேன் முழுக்க எள்ளைக் கொட்டின மாதிரி ஆகிவிட்டது.

"எனக்கும் இழுக்குது" என்றாள் அவள்.

அவன் திரும்பினான். அவள் முகத்தில் வேர்வை.

"ஆட்டோவுக்குப் போறேன்."

"இரு. ஒரு மணி நேரத்துல நாலு தடவை வந்தாத்தான் வரச்சொன்னாங்க. இது மொதலு. கடிகாரத்தைப் பாரு."

அவன் தரையில் உட்கார்ந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். அவள் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நிமிஷத்தில் இன்னொன்று வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்தாள். அவன் கையைக் கொடுத்தான். கையைப் பிடித்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் ரேடியோ வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "அக்கா!" என்று கத்தினான்.

ரேடியோ வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் பேசாமல் உட்கார்ந்ததுதான் அவனுக்கு அதிக பயமாக இருந்தது.

ஒரு மணி நேரம் முழுசாக ஓடியது. மூன்றாவது வரவில்லை.

"விட்டுருச்சு" என்றாள் அவள். "உள்ள நல்லா உதைக்குது. இந்தா, கைய வெச்சுப் பாரு."

வைத்தான். உதைத்தது. எடுக்க மனசு வரவில்லை.

"போதும், போ" என்றாள். "அதுங்களைக் கொண்டுபோய் விடு. அதுங்களுக்கு இரைப்பையே கெடையாதாம். தின்னுக்கிட்டே இருக்கணும். அந்தத் தண்ணியில என்ன இருக்கு?"

"நான் போகல."

"அக்கா இருக்காங்கல்ல. விசில் இருக்குல்ல. போய்யா. பெத்தவன் பசியோட நிக்கிறான் பாரு."

"போ தம்பி" என்றாள் ரேடியோ. "நான் இங்கேருந்து எந்திரிக்கமாட்டேன்."

கொட்டகைக் களத்துக்குப் பின்னால் ஆழமில்லாத கடல். அடியில் பாறை கிடப்பதால் விசைப்படகு அந்தப் பக்கம் வராது. அதனால்தான் அங்கே புல் மிச்சம். கேனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இறங்கினான். இடுப்பு, மார்பு. மற்றவர்களுக்குக் கழுத்துக்கு மேல் போயிருக்கும். காற்றடித்த கடல் இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது. காலில் புல் உரசியது. கேனைத் தண்ணீருக்குள் மெதுவாகச் சாய்த்தான். பொடிகள் புகைபோலக் கலைந்து போயின. எத்தனை போயின, எங்கே போயின, தெரியவில்லை.

பெரியது போகவில்லை. கயிற்றை விட்டு அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. வயிறு இப்போது ஒட்டிச் சுருங்கியிருந்தது. உதறினால் போயிருக்கும். உதறவில்லை. குனிந்து, கையைப் புல்லோடு வைத்துக்கொண்டு, தாடை தண்ணீரில் பட நின்றான். காது மட்டும் கரையில் இருந்தது.

விசில் கேட்டது. ஒன்று. நீளமாக.

அடுத்ததற்குக் காத்திருந்தான். வரவில்லை. விரலில் இருந்த பிடி எப்போது போயிற்று என்று அவன் கவனிக்கவில்லை.

அன்றைக்குக் கொட்டகையில் இரண்டு பலகை காலி. சொட்டச்சொட்ட அவன் போய் நின்றபோது அவன் குவியலும் இல்லை, ரேடியோவின் குவியலும் இல்லை. மற்ற இருபது பேரும் ஆளுக்கு ஓர் அள்ளு இழுத்துப் பிரித்திருந்தார்கள். மேஸ்திரி வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஸ்கேலோடு காத்திருந்தார்.

"வீட்டுல வெச்சது தப்பு. இன்னொரு தடவை செய்யாதீங்க, நானே புகார் எழுதிக் குடுத்திடுவேன்" என்றார் முதலில். பிறகு நோட்டைத் திறந்தார். "எத்தனை குஞ்சு?"

"எண்ணல டீச்சர். ஒரு கை எள்ளு இருக்கும்."

டீச்சர் எதையோ எழுதினார்.

"எத்தனை பொழைக்கும் டீச்சர்?"

"ஆயிரத்துல அஞ்சு வளந்தா பெருசு."

அதை வீட்டில் அவன் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கொட்டகையில் அவன் பெயர் நெட்டை இல்லை. "கடல்குதிரை, கூடையைத் தள்ளு", "கடல்குதிரை, ஒன் பைய எங்க?" என்றார்கள். முதல் இரண்டு நாள் முறைத்தான். மூன்றாம் நாள் தலையைத் தூக்காமலே கூடையைத் தள்ளினான். பத்து நாள் கெடு எப்போது முடிந்தது என்று மேஸ்திரியும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஒரு மணிக்கு ஒரு தடவை கை நிறுத்திக் காதுகொடுப்பது மட்டும் போகவில்லை. ஏழாம் மாதம் முடிந்தது. எட்டு முடிந்தது. செங்கல் கட்டிலுக்கடியிலேயே இருந்தது. ஒன்பதாம் மாதம் பாதியில், பகல் பதினொன்றரைக்கு, விசில் இரண்டு தடவை கேட்டது. அவன் ஓடின ஓட்டத்தில் நீல வாளி உருண்டது.

பெண்பிள்ளை. இரண்டரைக் கிலோ.

பிள்ளைக்கு நாலாம் மாதம் அவள் பலகைக்குத் திரும்பினாள். அவன் இன்னும் படகேறவில்லை. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகட்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பழைய சேலையைத் தோளோடு குறுக்கே கட்டி, மார்பிலிருந்து வயிறுவரை பிள்ளையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பால் கொடுக்கிற நேரத்துக்குக் கொட்டகைக்கு வந்தான். வாசலில் அவன் தலை தெரிந்ததும் வரிசையில் குரல் எழுந்தது.

"வருது பாரு, பையோட!"

"இப்பத்தான் பேருக்குப் பொருத்தமா இருக்கு!"

"மூணு வாரமில்ல போலிருக்கே, மூணு வருஷம் சுமப்பான் போலிருக்கே!"

"சுமந்தா ஒனக்கென்னக்கா?" என்றான் அவன்.

டீச்சர் வாளிக்குப் பக்கத்தில் குனிந்து அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்.

"டீச்சர்" என்றாள் அவள் குவியலிலிருந்து தலையை எடுக்காமல். "ஒங்க குதிரைக்கு ஆயிரத்துக்கு அஞ்சுன்னு சொன்னீங்கல்ல இவருகிட்ட?"

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். ரேடியோ குனிந்து கூடையைச் சரிசெய்தாள்.

"ஆமாம்மா. சுமாரா."

"எங்க வீட்டுக் கணக்கு மூணுக்கு ஒண்ணு. நாங்க பரவாயில்ல."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவள் இரண்டு கையாலும் குவியலைப் பரத்தினாள், முட்டியால் தள்ளினாள், விரலை விட்டாள். பதினோரு வருஷத்துக் கை. ஐந்தாறு மாதம் விலகியிருந்தது அதில் தெரியவில்லை. விரல் ஒரு இடத்தில் நின்றது. ஒரு கடல்குதிரையை எடுத்தாள். உயிர் இருந்தது. வயிறு தட்டை.

"இது?" என்றான் அவன் வாசலில் பிள்ளையை ஆட்டியபடி. "ஆம்பளையா?"

அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. கையை நீட்டி நீல வாளிக்குள் விட்டாள்.

"பொம்பள. புள்ளையை அவங்கிட்ட குடுத்துட்டு வேலைக்கு வந்திருக்கா."